காருக்குள் ஒரு ரீங்காரம்

இரண்டு வருடம் முன்பு, ஆவணி மாதம், ஒரு காலை நேரம். கோயம்புத்தூரிலிருந்து தாராபுரத்துக்கு, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டியை நான்தான் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் ஓட்டுவதைப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. அவர் பின்சீட்டில் பேத்தியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை தூங்கிவிட்டது. என் பக்கத்தில் மருமகள்.

அவள் இசையமைக்கிறவள். பாட்டு இருக்காது, மெட்டும் இருக்காது. புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பார்களே அந்த ஒத்து, எல்லாவற்றையும் பதிவு செய்து, கம்ப்யூட்டர் சத்தத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டே போவாள். இப்படி ஒரு ஆல்பத்துக்காக மாதக்கணக்கில் மாடி அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். எனக்கு அதில் தீராத எரிச்சல். பல்லடம் தாண்டியதும், "முடிஞ்சிருச்சுங்க அத்தை, கேட்டுப் பாருங்க" என்று கார் ஸ்பீக்கரில் போட்டாள்.

ம்ம்ம்ம் என்றது. வெகுதூரம் போன பிறகும் அதே ம்ம்ம்ம்தான்.

"ஏனம்மணி, கிரைண்டர் ஓடற மாதிரி இருக்குது?" என்றேன்.

"கிரைண்டர்னா மாவாச்சும் வரும்" என்றார் பின்னாலிருந்து அவர்.

மருமகள் கண்டுகொள்ளவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை, இதுல ஒரு சுதி என்னுது இல்லீங்க. நான் வெக்காத சத்தம் ஒண்ணு கேக்குது" என்றாள்.

"இருக்கறதே ஒரு சத்தம். அதுல உன்னுது எது, ஊரானுது எது?" என்றேன்.

அவள் போனை எடுத்து என்னவோ செய்தாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீங்காரம் குறையவில்லை. ஒரு வளைவில் திரும்பும்போது இன்னும் ஏறியது. எனக்குத் தலை சூடாகிவிட்டது. "அந்தக் கருமத்தை நிறுத்தித் தொலை!" என்று கத்தினேன்.

"அது நின்னு ரொம்ப நேரம் ஆச்சுங்க அத்தை. இது வண்டிச் சத்தமுங்க. ஓரங்கட்டுங்க."

நான் நம்பவில்லை. ரோடு சரியில்லை என்று சொல்லி இன்னும் மிதித்தேன். சுத்த வீம்பு.

"பாப்பா இருக்குதுங்க அத்தை! நிறுத்துங்க!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நிறுத்தினேன்.

இறங்கினால் கருகிய நாற்றம். முன்பக்க இடது சக்கரத்துக்குக் கிட்டேகூடக் கை கொண்டுபோக முடியவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வந்த மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினார். ஆடுகிற பல் மாதிரி ஆடியது.

"பேரிங் சுத்தமா போயிருச்சுங்கக்கா. இதே வேகத்துல இன்னுங் கொஞ்ச தூரம் போயிருந்தா சக்கரம் கழண்டு உங்களுக்கு முன்னால ஓடியிருக்கும்" என்றார்.

மருமகள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை. "தண்ணி குடிக்கறியா?" என்று கேட்டேன். "குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

அந்த ஆல்பம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பிடித்தது என்று பொய் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் வெறும் இரைச்சல் என்று நான் தள்ளியதற்குள் ஒவ்வொரு சத்தத்தையும் அவள் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருந்தாள், அதனால்தான் நாங்கள் நாலு பேரும் இருக்கிறோம். இப்போதெல்லாம் "ஏதோ சரியில்லீங்க அத்தை" என்று அவள் சொன்னால் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கிறேன். என் மாதிரி ஆளுக்கு அது லேசான வேலை இல்லை.