லூர்துராணிக்குக் கிடைத்த வார்த்தை

திருவெறும்பூரில் பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் லூர்துராணிக்குப் பதினாறு வருஷ வேலை. மற்றவர்கள் பற்றவைத்த இணைப்புகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். சரியில்லை என்றால், மேனேஜர் பீமராவே பக்கத்தில் வந்து நின்றாலும் போடமாட்டாள்.

இந்த வருஷ மதிப்பீட்டுத் தாளில் அவள் பெயருக்கு நேராக அவர் இங்கிலீஷில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார். கன்டென்ஷியஸ். லூர்துராணி பத்தாவதோடு ஐ.டி.ஐ. போனவள். கான்ஷியஸ் தெரியும், இதுவும் அதற்கு அக்கா தங்கச்சியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். கவனமாக வேலை பார்ப்பவள் என்று ஒருத்தராவது எழுதினாரே! அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கி, பாலக்கரையில் இறங்கும்வரை பஸ்ஸில் தெரிந்த முகத்துக்கெல்லாம் நீட்டினாள்.

வீட்டில் மகள் பிரான்சி தாளை வாங்கிப் பார்த்தாள். காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறவள். எடுத்த ஜாங்கிரியைக் கடிக்காமல் நின்றாள்.

"அம்மா, இது பாராட்டு இல்லம்மா. எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கிற ஆளுன்னு அர்த்தம்."

லூர்துராணியால் உட்கார முடியவில்லை. துவைத்த துணியை எடுத்து மறுபடி அலசினாள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். ஜாங்கிரி தின்ற முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. போன மாசம் சண்டை போட்டது நிஜம்தான். மூன்று இணைப்பில் மயிரிழை வெடிப்பு. அவள் கையெழுத்துப் போடாததால் சரக்கு இன்னும் ஓரமாகக் கிடக்கிறது.

"அந்த வார்த்தைய வேற எதுக்கும் சொல்ல மாட்டாங்களாடி?"

"வாக்குவாதம் கிளப்புற விஷயத்துக்கும் சொல்லுவாங்கம்மா. அதுக்குச் சொன்னா திட்டு இல்ல. ஆளப் பாத்துச் சொன்னாதான் திட்டு."

மறுநாள் காலையில் நேராக பீமராவின் அறைக்குப் போனாள்.

"சார், என்னைச் சண்டைக்காரின்னு எழுதியிருக்கீங்களாம்ல?"

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இப்பவும் அதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

அவள் மதிப்பீட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள். "சண்டை என்னால வரல சார், அந்த வெடிப்பால வந்துச்சு. வார்த்தைய அதுக்குப் போடுங்க."

"ரிப்போர்ட் மேல போயாச்சும்மா."

தாளில் ஊழியர் கருத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அங்கேயே நின்று தமிழில் எழுதினாள்: ‘மூன்று இணைப்பில் வெடிப்பு இருந்தது. அதனால் கையெழுத்துப் போடவில்லை.’ அதையும் மேலே அனுப்பச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு வாரத்தில் சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்து, மூன்றையும் வெட்டித் திரும்பப் பற்றவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ரிப்போர்ட்டில் வார்த்தையை மட்டும் யாரும் அடிக்கவில்லை. "அடுத்த வருஷம் மாத்தி எழுதுவாங்கக்கா, விடுங்க" என்றாள், ஸ்ரீரங்கத்திலிருந்து ஆபீஸ் வேலைக்கு வரும் வைஷ்ணவி. லூர்துராணிக்கு அதுவரை பொறுக்கவில்லை. தினமும் காலையில் பீமராவிடம் போய்க் கேட்டாள்.

நாலாம் நாள் பீமராவே ஷெட்டுக்கு வந்தார். "புதுசாப் பத்தவச்சதப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தாள். இரண்டு சரி. மூன்றாவதில் விரலை வைத்தாள்.

"இது ஆகாது சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் திரும்பி வெல்டரைக் கூப்பிட்டார்.