அட்டனில் யாரும் போடாத இரட்டைக் கோடு

2006 தொடக்கத்தில் நான் மலையகத்து அட்டனுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அங்கே ஒரு தாதியர் பயிற்சி வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு மரபணுப் பாடம் எவ்வளவு விளங்கியிருக்கிறது என்று சோதிக்கக் கொழும்பிலிருந்து அனுப்பினார்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரி, குளிர் ஆகவே ஆகாது. ஸ்வெட்டர் கட்டாயம் கொண்டுபோங்கள்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில். இறங்கும்போது பதினொன்றரை. வகுப்புக்கு நாலு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 150 ரூபா. "நர்ஸு புள்ளைகளுக்குப் பரீட்சையாங்க? பாத்துப் புள்ளி போடுங்க, எங்க தோட்டத்து லயத்துப் புள்ளயும் இருக்கு" என்றார் ஓட்டோக்காரர். சிபாரிசு அங்கேயே தொடங்கிவிட்டது!

கடைசிக் கேள்வி, அவரவர் குடும்பத்தின் வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், தம்பதிக்கு நடுவில் ஒரு கோடு, அவர்கள் இரத்த உறவென்றால் இரட்டைக் கோடு. பதினெட்டுத் தாளிலும் ஓர் இரட்டைக் கோடுகூட இல்லை. அடக் கடவுளே, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் மலையகத்திலா?

மற்றதெல்லாம் சரியாக எழுதியிருந்த சிவகாமியைக் கூப்பிட்டேன். அவள் தாளில் தம்பியின் சதுரம் முழுக் கறுப்பு. தலசீமியா நோய், மாதாமாதம் கண்டியில் இரத்தம் ஏற்றுகிறார்கள். அம்மா அப்பாவுக்கு ஒற்றைக் கோடு. அவளுக்கும் இன்னொரு சதுரத்துக்கும் நடுவில் பென்சிலால் ஒற்றைக் கோடு.

"இது ஆர்?"

"எங்க மாமா மகன் மிஸ். வைகாசியில கல்யாணம்." வெட்கப்பட்டாள். "அப்பாவும் அம்மாவுக்கு மாமா மகன்தான்."

"அப்ப ஏன் ஒற்றைக் கோடு?"

"சித்தப்பா மகன்னா ரத்தம் மிஸ், அண்ணன் முறை. மாமா மகன் கட்டிக்கிற முறைதானே. ரத்தம்னா எப்பிடிக் கட்டுவாங்க?"

வகுப்பே தலையாட்டியது. அம்மாவும் மாமாவும் ஒரே தாத்தாவின் பிள்ளைகள்தானே என்று கேட்டேன். அவள் தம்பியின் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தாள்.

"அப்ப நான் கட்டிக்கப்போற அவருக்கும் இருக்குமா மிஸ்?"

"இருக்கலாம். வெளியில தெரியாமலே ரெண்டுபேரும் நோயைச் சுமந்தால் பிள்ளைக்கு வரலாம். கலியாணத்துக்கு முன்னம் ரெண்டுபேரும் இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ."

திரும்பியது கண்டி வழியாக, மறுநாள் காலை 6.30 பஸ். எழுபது கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். முன் சீட்டில், இரத்தம் சோதிக்கப் போகும் சிவகாமியும் அந்த மாமா மகனும். அவளுக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்திருந்தான். தாள் திருத்தப் போனவளுக்கு இது தேவையா?

இப்படிச் சோதிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். "இரத்த உறவா?" என்று கேட்காதீர்கள். "மாமா மகனா, அத்தை மகனா?" என்று கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்துச் சிவகாமியிடமிருந்து கடிதம் வந்தது. உள்ளே புதிதாக வரைந்த படம் மட்டும். அம்மா அப்பாவுக்கு இரட்டைக் கோடு. சிவகாமியின் வட்டம் பாதிக் கறுப்பு, அந்தப் பையனின் சதுரமும் பாதிக் கறுப்பு. இருவருமே நோயைச் சுமப்பவர்கள். அவர்களுக்கு நடுவில் கோடே இல்லை. கீழே, "இப்ப சரியா மிஸ்?"

சரிதான். முழுப் புள்ளி போட எனக்குக் கை வரவில்லை.