டாக்டரம்மாவின் சுண்டுவிரல்

வீட்டுக்குள் நுழைந்ததும் டாக்டர் குழல்வாய்மொழி ஜன்னலைத் திறந்துவிடுகிறார். வெந்நீரும் சோப்பும் கேட்கிறார். சுண்டுவிரல் நகத்தைத் தடவிப் பார்த்து, கூர்முனை இருந்தால் வெட்டிக்கொள்கிறார். ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்கும் தென்காசிப் பெண்களின் வீடுகளுக்கு மாட்டுவண்டியில் போய்வரும் இவர், கைக்குழந்தைகளிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார். "ஐயா, கொஞ்சம் கண்ணைத் தொறங்க!" பெரியவர்களுக்கு அதட்டல்தான்.

சென்ற சாரல் காலத்தில் நெசவாளி பரீது வீட்டில் அழைத்திருந்தார்கள். நாலு மாதக் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே இடக்கண்ணில் நீர். இப்போது பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தையை மடியில் வைத்திருந்த மனைவி அலிமாவுக்கு முன்னால் பரீது குறுக்கே நின்றார்.

"கண்ணுல கை வைக்கப்படாது, டாக்டரம்மா. எனக்கும் இப்பிடித்தான் தண்ணி வடிஞ்சுதாம். எவனோ மருந்து ஊத்துனான்."

அவருடைய இடக்கண் வெளுத்திருந்தது.

டாக்டர் அந்தக் கண்ணைச் சற்று நேரம் பார்த்தார். "நீயே தலையப் பிடிச்சுக்கோ. வேண்டாம்னு தோணுச்சுன்னா என் கையத் தட்டி விடு."

ஈரப்பஞ்சால் பீளையைக் கரைத்து இமையை விரித்தார். டார்ச் வெளிச்சத்தில் கருவிழி முழுவதும் புண் இருக்கிறதா என்று தேடினார்.

"கருமணி தெளிவா இருக்கு."

மூக்கோரம் சுண்டுவிரலால் அழுத்தினார். கண்மூலையில் சீழ் எட்டிப்பார்த்தது. "கண்ணீர் மூக்குக்கு எறங்குத பாதை அடைச்சிருக்கு. ஏட்டி, பால் குடுக்கும்போதெல்லாம் இந்த எடத்துல அமுக்கிக் கீழ நீவி விடு. தொறக்கலன்னா திருநெல்வேலிக்குப் போய்க் கம்பி விடணும்."

கம்பி என்றதும் பரீதின் கை குழந்தையின் முகத்தை மூடியது.

அடுத்த மாதம் போனபோது கண் காய்ந்திருந்தது. டாக்டர் நம்பவில்லை. பையிலிருந்து, கண்ணில் விட்டுச் சோதிக்கும் மஞ்சள் சாயக் குப்பியை எடுத்தார். பரீது மறுபடி குறுக்கே வந்தார்.

டாக்டர் வாதாடவில்லை. தலையை அண்ணாந்து தன் கண்ணிலேயே ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். சிறிது பொறுத்துக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக் காட்டினார். மஞ்சள்.

"பாதை இருந்தா இப்பிடி எறங்கும். ஐயாவுக்கு எறங்குதான்னு பாக்கணும். பயப்படுதியா?"

பரீது குழந்தையை வாங்கித் தன் தொடைமேல் கிடத்தி, அவரே இமையை விரித்துப் பிடித்தார்.

சொட்டு விழுந்தது. தறி ஓய்ந்திருந்த வீட்டில் ஓட்டின்மேல் சாரல் சத்தம் மட்டும். டாக்டர் குழந்தையின் மூக்குக்கு நேரே குனிந்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"கம்பிதானா?" என்றாள் அலிமா.

"பொறுட்டி."

குழந்தை முகத்தைச் சுளித்து, கையை உதறி, பலமாகத் தும்மியது. டாக்டரின் வெள்ளைச் சேலையில் தோளிலிருந்து மார்புவரை மஞ்சள் தெறித்தது.

பரீது சுவரில் சாய்ந்துவிட்டார். அலிமா பதறி, துடைக்க ஈரத்துணியோடு ஓடிவந்தாள். டாக்டர் துடைக்கவிடாமல் அந்தப் புள்ளிகளின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.