கடைசி இடத்துக்கான ஆட்டம்

"பருவ முடிவில் கடைசி இடத்தைப் பெறும் அணிக்கு, புதிதாக விண்ணப்பிக்கும் வீராங்கனைகளில் தான் விரும்பும் ஒருவரை முதலில் தெரிவு செய்யும் உரிமை வழங்கப்படும்."

வெசாக் போயா பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் கூடிய எங்கள் பெண்கள் கூடைப்பந்துக் குழுவின் தீர்மானங்களில் இது மூன்றாவது. கூட்டக் குறிப்பை எழுதியவன் நான். அதற்கு மேல் எனக்கு அந்தக் குழுவில் அதிகாரம் எதுவும் இல்லை. ஞாயிறு மாலைகளில் புள்ளிக் கணக்கு எழுதுவது என் வேலை. எங்கள் அணி என்று நான் சொல்வது என் மனைவி தலைமை தாங்கும் அணியை. கணக்கு எழுதுபவன் அப்படிச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயில் அப்படித்தான் வருகிறது.

நான்கு அணிகள்தான். வங்கியில் வேலை செய்பவர்களின் அணி எல்லா ஆண்டும் வெல்லும். ஆஸ்பத்திரி நர்ஸ்மாரின் அணியும் பிரதேச செயலகப் பெண்களின் அணியும் இடையில் எங்காவது நிற்கும். எங்களுடையது எல்லோரும் கலந்த அணி. பாடசாலை ஆசிரியையான என் மனைவி, மிளகுக் கடைக்காரர் ஒருவரின் மனைவி, ரிவர்ஸ்டன் போகும் வழியில் உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இறங்கி வரும் முன்பள்ளி ஆசிரியை, அவருடைய நாத்தனார், இன்னும் மூன்று பேர். இரண்டு பருவங்களாக நாங்கள் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை.

மூன்றாவது தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் வங்கி அணித் தலைவி. ஒருவரே எப்போதும் வெல்வது வென்றவருக்கே அலுத்துப்போய்விட்டது என்றார். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தில் இந்த முறை இருக்கிறது, பலவீனமான அணிக்குப் புதிய வீரர்களில் சிறந்தவர் கிடைத்தால் சில ஆண்டுகளில் எல்லாம் சமமாகிவிடும் என்று விளக்கினார். நல்ல மனதோடு கொண்டுவந்த தீர்மானம் அது. ஒருவரும் எதிர்க்கவில்லை.

பருவத்தின் நடுவில் நாவுலைக்கு ஒரு விவசாயப் போதனாசிரியை மாற்றலாகி வந்தார். உயரமான சிங்களப் பெண், பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். முதல் நாள் மைதானத்துக்கு வந்து, காலணியைக்கூட மாற்றாமல், பந்தை வாங்கிக் கூடைக்குள் போட்டார். வளையம் அவருக்கு மட்டும் ஓரடி இறங்கி வந்ததுபோல் இருந்தது. அடுத்த பருவத்துக்கு விண்ணப்பித்திருந்தவர்களில் யார் முதல் தெரிவு என்பதில் அன்றைக்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எங்களுக்கு அவர் வேண்டியிருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஏழு பேரில் ஒருவர் கல்யாணமாகிக் கண்டிக்குப் போகவிருந்தார். இன்னொருவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த பருவத்துக்கு ஏழு பேரைப் பதிவு செய்ய முடியாத அணி கலைக்கப்படும் என்பது பழைய விதி. ஓர் அணி தன் முயற்சியில் புதியவர்களை அழைத்து வரலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் எப்போதும் தோற்கும் அணிக்கு யார் வருவார்கள்? அந்த உயரமான பெண் வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று என் மனைவி கணக்குப் போட்டிருந்தார். அணி கலைந்தால் வாரத்தில் ஒரு மாலையாவது தனக்கென்று இருந்தது போய்விடும் என்பதை அவர் என்னிடம் சொன்னதில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

கடைசி ஞாயிறு ஆட்டம் எங்களுக்கும் நர்ஸ்மாருக்கும். அவர்களுக்கு ஒரே ஒரு வெற்றி இருந்தது, எங்களுக்கு அதுவும் இல்லை. வெற்றிகள் சமமானால் கடைசியாக மோதிய ஆட்டத்தில் தோற்ற அணியே கீழே போகும். அதாவது, இந்த ஆட்டத்தில் தோற்பவருக்கு நாவுலைப் பெண். இது இரண்டு அணிக்கும் தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை காலை நான் வேலைக்குப் புறப்படும் முன் தொலைபேசியில் அமெரிக்க ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய இரவு நமக்குக் காலை. மனைவி பின்னால் வந்து நின்றார்.

"என்னங்க, அங்க வேணும்னே தோக்கிறாங்கன்னு சொல்றீங்களே, எப்படித் தோக்கிறாங்க? பந்தைக் கையில வச்சிக்கிட்டே போடாம விட்டுடுவாங்களா?"

அப்படி இல்லை என்று சொன்னேன். அங்கே மைதானத்தில் இருப்பவன் தோற்க ஆடுவதில்லை. அவனுக்கு அவனுடைய பெயர், அடுத்த ஒப்பந்தம், சொந்த ரோஷம் எல்லாம் இருக்கின்றன. தோற்கத் தீர்மானிப்பது மேலே இருக்கும் அலுவலகம். நல்ல ஆட்டக்காரனுக்கு முழங்கால் வலி என்று சொல்லி உட்கார வைப்பார்கள், அனுபவமில்லாதவர்களை இறக்கிவிடுவார்கள். இறங்கியவர்கள் உயிரைக் கொடுத்து ஆடித் தோற்பார்கள். இது நடக்கிறது என்பதால்தான் அங்கே இப்போது சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறார்கள். கடைசியில் நிற்பவருக்கு வாய்ப்பு உண்டு, உறுதி கிடையாது.

"நம்ம ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"குசினியில" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்தச் சமையலறை வேடிக்கையின் கனம் எனக்கும் பிறகுதான் உறைத்தது. அங்கே தீர்மானிப்பவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர். அதனால் இருவருமே இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே இரண்டும் ஒரே ஆள். குசினியில் நின்று தோற்கத் தீர்மானித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே கையால் பந்தைத் தவறவிட வேண்டும். தொழில்முறை அணிகள் வேண்டுமென்று தோற்கலாமா என்று எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். நுழைவுச்சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்திருக்கும் ரசிகனைப் பற்றி எழுதுகிறார்கள், எதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறார்கள். தவறவிடப்போகும் கையைப் பற்றி நான் படித்ததில்லை.

மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். அது எங்கள் ஊருக்கே உரிய வழி: பஸ்.

தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் மைதானத்துக்கு முன்னால்தான் நின்று போகும். முன்பள்ளி ஆசிரியையும் நாத்தனாரும்தான் எங்கள் அணியில் உண்மையாக ஓடக்கூடியவர்கள். அவர்கள் அந்த பஸ்ஸைப் பிடிப்பதற்காகவே எங்கள் ஆட்டங்களை எப்போதும் முன்கூட்டித் தொடங்கிவிடுவோம். இந்த முறை மனைவி, ஒரு கல்யாண வீட்டைக் காரணம் சொல்லி, ஆட்டத்தை ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்கக் கேட்டார். அப்படியானால் இடைவேளையில் பஸ் வரும். இருவரும் போய்விடுவார்கள். மீதி ஐந்து பேர் நேர்மையாக ஆடித் தோற்கலாம். மலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்குப் போனதை இங்கே யாரும் குற்றம் சொல்வதில்லை. அது மழை பெய்வது மாதிரி.

அணியில் மற்றவர்களிடம் அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சனிக்கிழமை பயிற்சியும் வைத்தார். மிளகுக் கடைக்காரரின் மனைவிக்கு அது விளங்கவில்லை.

"வேணுமெண்டு தோக்கிறதுக்கு என்னத்துக்கு டீச்சர் ப்ராக்டிஸ்? அது இல்லாமலே நாங்க நல்லாத்தானே செய்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். முன்பள்ளி ஆசிரியை மட்டும் சிரிக்காமல் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இருவரும் இடைவேளையோடு பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று மனைவி சொன்னபோது அவர் நிமிர்ந்தார்.

"நாங்க இருந்தா ஜெயிச்சிருவோம்னு பயப்படுறீங்களா டீச்சர்?"

மனைவி குனிந்து பந்தைப் பைக்குள் போடத் தொடங்கினார்.

முன்பள்ளி ஆசிரியைக்கு முழு நாள் ஓய்வு ஞாயிறு மட்டும்தான். அந்த ஒரு நாளில் பஸ் ஏறி இறங்கி வந்து தோற்றுவிட்டுப் போகிறவர். அவர் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் கதவடியில் நின்று கேட்பாராம், இன்றைக்கு எத்தனை புள்ளியால் என்று. வென்றீர்களா என்று கேட்பதை அவர் விட்டு நெடுநாளாகிவிட்டது.

ஞாயிறு வானம் வெளுத்திருந்தது. முதல் பாதி நான் எழுதியதிலேயே மிக மோசமான ஆட்டம். நாங்கள் தவறவிட்டோம், நர்ஸ்மாரும் தவறவிட்டார்கள். அவர்களுடைய தலைவி, வளையத்துக்கு நேர் கீழே தனியாக நின்றபடி, பந்தைப் பலகையில்கூடப் படாமல் மேலே அனுப்பினார். தன் செயலுக்குத் தானே சிரித்தும்விட்டார். வேலியோரம் ஆட்டோக்களை நிறுத்திவிட்டு நின்ற த்ரீவீல்காரர்களுக்கு இது பெரிய விருந்து.

"தங்கச்சி, கூடை மேல இருக்கு. கீழ இருக்கிறது சீமெந்து."

நாவுலைப் பெண்ணும் வந்து படியில் உட்கார்ந்திருந்தார். யாருடைய அணிக்குப் போகப்போகிறோம் என்று பார்க்க வந்திருக்க வேண்டும். முதலில் ஆர்வமாகத்தான் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டார். என் மனைவி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இடைவேளையில் நாத்தனாரும் முன்பள்ளி ஆசிரியையும் பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று ரத்தோட்டை, ரத்தோட்டை என்று கூவிக்கொண்டிருந்தார். இருவரும் பஸ்ஸுக்கு அருகில் போனார்கள். அவரிடம் ஏதோ சொன்னார்கள். பிறகு திரும்பி, பைகளைச் சுமந்தபடி, அதே பாதையில் நடந்து வந்தார்கள்.

மனைவிக்கு முன்னால் வந்து நின்று முன்பள்ளி ஆசிரியை சொன்னார்:

"பஸ் போயிருச்சு டீச்சர்."

அவருடைய முதுகுக்குப் பின்னால் பஸ் நின்றுகொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. கொண்டக்டர் இன்னும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பஸ்ஸைப் பார்த்தார், முன்பள்ளி ஆசிரியையைப் பார்த்தார். பஸ் புறப்பட்டது. அது வளைவில் திரும்பிய பிறகு, "ஆமா, போயிருச்சு" என்றார். "பையை வைங்க. பந்தை எடுங்க."

இரண்டாவது பாதியைப் பற்றி என்னிடம் நிறையக் குறிப்புகள் இல்லை. எழுதவேண்டியவன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். முதல் சில நிமிடங்களில் முன்பள்ளி ஆசிரியை தனியாக ஓடிப்போய் இரண்டு முறை கூடைக்குள் போட்டார். நர்ஸ்மார் சிரித்தபடி விட்டார்கள். மூன்றாவது முறை ஒரு நர்ஸ் அவரைத் துரத்தினார். ஏன் துரத்தினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பக்கத்தில் ஒருத்தி தன்னைத் தாண்டி ஓடும்போது, தோற்க வேண்டும் என்று மனம் சொல்வதைக் கால் கேட்காது. சிறிது நேரத்தில் இரண்டு அணியும் கத்திக்கொண்டு ஆடின. வேலியோரக் கேலி ஓய்ந்தது. நாவுலைப் பெண் படியிலிருந்து இறங்கிக் கோட்டுக்கு அருகில் வந்து நின்றார், இரண்டு பக்கத்துக்கும் கை தட்டினார்.

முடிவதற்குச் சற்று முன் நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். முன்பள்ளி ஆசிரியையை இரண்டு பேர் மறித்தார்கள். அவர் பந்தை என் மனைவியிடம் தட்டிவிட்டார். கூடைக்குப் பக்கத்தில், யாருமில்லாத இடம். தவறவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தவறவிடாத ஆளும் அல்ல. பந்து வளையத்தில் ஒரு முறை மோதி உள்ளே விழுந்தது.

அதன் பிறகு நர்ஸ்மாரின் தலைவிக்கு, எங்கள் பக்கத்துத் தவறுக்காக, யாரும் மறிக்காத இரண்டு எறிதல்கள் கிடைத்தன. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் அவர்கள் வெற்றி. இரண்டும் விழவில்லை. ஒரு புள்ளியால் வென்றோம்.

முன்பள்ளி ஆசிரியை துள்ளவில்லை. சீமெந்தில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். இருவரும் வீட்டுக்குப் போக வேண்டுமே என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதிகம் கேலி செய்த த்ரீவீல்காரரே வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். மனைவியும் அவர்களோடு ஏறிப் போனார். திரும்பி வந்து அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்பள்ளி ஆசிரியையின் வீட்டுக்காரர் கவலைப்பட்டு வீதிவரை வந்து நின்றிருக்கிறார். வண்டி நின்றதும் வழக்கம்போல எத்தனை புள்ளியால் என்று கேட்டிருக்கிறார். ஒன்றால் என்று அந்த ஆசிரியை சொல்லியிருக்கிறார். அவர் ஆறுதல் சொல்லத் தொடங்கி, நாத்தனார் சிரிப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்.

நாவுலைப் பெண் நர்ஸ்மாரிடம் போனார். அது விதிப்படி நடந்தது. எங்களுக்கு இரண்டாவது தெரிவு. சீகிரியாவில் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பில் வேலை செய்யும் குள்ளமான ஒரு பெண்ணைத் தெரிவு செய்தோம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் பிடிக்க முடியாது. அடுத்த ஞாயிறு தோட்டத்திலிருந்து இருவருக்குப் பதிலாக நால்வர் இறங்கி வந்தார்கள். புதிய இருவரும் பந்தைத் தொட்டதில்லை. வென்ற கதை மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து, ஒன்று, இரண்டு. பதிவுக்கு வேண்டியதைவிட ஒருவர் அதிகம்.

மூன்றாவது தீர்மானத்தை நீக்க வேண்டும் என்று நான் குழுவுக்கு எழுதினேன். குறைந்தது சீட்டாவது குலுக்க வேண்டும் என்றேன். எதிர்த்தவர் என் மனைவி. தோற்றவர்களுக்கு ஏதாவது கிடைக்கத்தான் வேண்டும், அது தப்பில்லை, அதை எண்ணி ஆடுவதுதான் தப்பு என்றார். தீர்மானம் அப்படியே இருக்கிறது. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அமெரிக்காவைப் பற்றி எழுதியவர்கள் யாரும் என்னை இத்தனை யோசிக்க வைத்ததில்லை.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. நர்ஸ்மாரின் தலைவி அந்த இரண்டு எறிதல்களையும் வேண்டுமென்று தவறவிட்டாரா என்று அவரிடமே கேட்டேன். கை நடுங்கியது என்றார். அவர் அணியில் வேறொருவரோ, அவர் அப்படி இரண்டையும் ஒரே நாளில் தவறவிட்டதைத் தான் கண்டதில்லை என்றார். எங்கள் ஒரே வெற்றி அதன்மேல் நிற்கிறது. இதை எழுதும் இன்றுவரை எது உண்மை என்று உறுதிப்படுத்தப்படவில்லை.