பள்ளத்துப் பக்கம் ஓரடி

எங்கள் தோட்டத்து கிரவுண்ட் சாய்ந்த கிரவுண்ட். ஒரு கோல் மேட்டில், பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இன்னொரு கோல் பள்ளத்தில். அதற்குப் பின்னால் தேயிலை, தேயிலைக்குக் கீழே ஓடை. தண்ணீர் போத்தலைப் படுக்க வைத்தால் அது தன்பாட்டுக்கு ஓடையைப் பார்த்துக் கிளம்பிவிடும்.

அங்கே பக்கம் மாற்றுகிற வழக்கமெல்லாம் கிடையாது. பையன்களுக்கு மேட்டுக் கோல். விளையாட வந்த ஒரே பெண் என்பதால் எனக்குப் பள்ளத்துக் கோல். சட்டமும் ஒன்றே ஒன்றுதான்: பந்து யாரைத் தாண்டிப் போகிறதோ அவர்தான் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். மழை நின்ற தேயிலைக்குள் வெறுங்காலோடு போய் வந்தால் கணுக்கால் முழுக்க அட்டை. சாய்வில் பந்து நாம் நினைப்பதைவிட வேகமாக உருளும். அதனால் வேறு யாராவது என்றால் நிற்கும் இடத்துக்கு ஓரடி கீழே நிற்கப் பழகிக்கொண்டேன். அட்டைக்குப் பயந்துதான் நான் டிஃபென்ஸுக்கு வந்தேன் என்றால் கொழும்பில் யாரும் நம்புவதில்லை. சிரிக்கிறார்கள். அவர்கள் காலில் அட்டை ஏறியதில்லை.

பள்ளிக்கூட அணியிலிருந்து கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்களத்து அணிக்கு என்னை எடுத்தார்கள். உதைபந்தாட்டம்தான் வேலை. ஆனால் வேலை நிரந்தரம் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தில் கையெழுத்து. விடிந்தால் பயிற்சி, வெயில் ஏறினால் ஜிம், பின்னேரம் மறுபடி பயிற்சி. வலது முழங்கால் வீங்காத வாரம் இல்லை. லீவில் ஊருக்கு வந்தால், "விளையாட்டுத்தானே, அதுல என்னா அலுப்பு?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அதிலும் அலுத்துப்போனேன்.

கோச் ஒரு சிங்கள அக்கா. முன்னாள் ஆட்டக்காரி, தொண்டை அப்படியொரு தொண்டை. என்னிடம் அவருக்கு ஒரே குறைதான். பின்வரிசை நான்கு பேரும் ஒரே கோட்டில் நின்று, சரியான நேரத்தில் சேர்ந்து முன்னால் ஏற வேண்டும். அப்போது எதிரணிக்காரி நமக்குப் பின்னால் தனியாக மாட்டுவாள். ஓரத்தில் நிற்கிறவர் கொடியைத் தூக்குவார், ஆஃப்சைட். நான்கில் ஒருத்தி பின்னால் நின்றாலும் கொடி எழும்பாது. அந்த ஒருத்தி எப்போதும் நானாகவே இருந்தேன். "உடட! உடட!" என்று கத்துவார். மேலே, மேலே என்று அர்த்தம். சமமான புல்தரையில் மேலே எது, கீழே எது? என் காலுக்கு மட்டும் தெரிந்திருந்தது. நம் கோல் இருக்கிற பக்கம் பள்ளம்.

ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் நால்வரின் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டி ஓட விட்டார். மற்ற மூவரும் ஏற, நான் மட்டும் இழுபட்டுப் போனேன். "பின்னுக்கு எதையாவது தொலைச்சிட்டியா?" என்று அணியில் கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். கயிற்றை அவிழ்த்த மறுநிமிடம் கால் பழைய இடத்துக்குப் போய்விடும். ஒன்பது வருஷம் தலைகீழாக நின்றும் அந்த ஓரடியை அவரால் எடுக்க முடியவில்லை.

நிரந்தர நியமனத்துக்காக என்னைவிட அதிகமாகக் காத்திருந்தது அம்மா. இடது தோள் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியாது. இருந்தும் கூடையோடு தினம் மலை ஏறுகிறாள். "ஒனக்கு நிரந்தரமாகட்டும் புள்ள, மறுநாளே கண்டாக்கய்யாகிட்ட சொல்லி எம்பேர வெட்டிக்கிறேன்" என்பாள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கய்யாவிடம் இருக்கும் ஆள் பதிவுதான் செக்ரோல்; அதில் பெயர் இருக்கிறவரைக்கும் மலைக்குப் போக வேண்டும். வெட்டினால் வீட்டில் இருக்கலாம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அம்மாவோடு வேலைக்கு வந்தவர்கள் பாதிப் பேருக்கு மேல் பெயரை வெட்டிவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு வருஷமும் என்னைக் கேட்பாள். நான் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்பேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்.

இந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் வந்தது. அணியில் இரண்டு பேருக்குத்தான் அது கிடைக்க வாய்ப்பு: நான், என்னைவிட ஏழு வயது இளைய இன்னொரு டிஃபென்டர். கடைசி மெட்ச்சுக்கு முதல்நாள் கோச் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நங்கி, நாளைக்கு ஒரே ஒரு நாள் கோட்டில் நில். மேலிடத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். நின்று காட்டு, உன் பெயரை எழுதிக் கொடுக்கிறேன்" என்று சிங்களத்தில் சொன்னார். நங்கி என்றால் தங்கச்சி. அம்மாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். மெட்ச் ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு மலையில் வேலை இல்லை. போனில் நேரடியாகக் காட்டுவார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் பார்ப்பதாகச் சொன்னாள்.

அன்றைக்கு நான் கோட்டில் நின்றேன். ஒவ்வொரு முறையும் கால் பின்னால் போகப் பார்க்கும், பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து வைப்பேன். ஓடுவதைவிட அதுதான் பெரிய களைப்பு. இரண்டு தடவை கொடி எழும்பியது. கோச் ஓரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் கட்டைவிரல். முட்டாள்தனமாக எவ்வளவு சந்தோஷப்பட்டேன்!

முடிய ஐந்தாறு நிமிஷம் இருந்தது. யாரும் கோல் போட்டிருக்கவில்லை. எதிரணியிலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. "உடட!" என்ற சத்தம் கேட்டது. நாங்கள் நால்வரும் ஏறினோம், நானும் ஏறினேன். அவர்களுடைய முன்வரிசைப் பெண் சரியான நேரத்துக்குக் காத்திருந்து எங்களுக்கு நடுவால் புகுந்தாள். கொடி எழும்பவில்லை. நான் திரும்பியபோது பந்து நான் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி உருண்டுகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. அந்த முழங்காலோடு எவ்வளவு ஓடினாலும் அவளைப் பிடிக்க முடியாது என்று இரண்டாவது எட்டிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் கோல்கீப்பர் வலையிலிருந்து பந்தை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உடை மாற்றும் அறையில் கோச் என் முன்னால் வந்து, எங்கே நின்றாய் என்று கேட்டார்.

"கோட்டில். நீங்கள் சொன்ன இடத்தில்தான் நின்றேன்."

அவர் எனக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார். "எப்போதும் பின்னால் நீ இருப்பாய். அந்த நம்பிக்கையில்தான் மற்ற மூன்று பேரையும் இவ்வளவு மேலே நிறுத்திப் பழக்கினேன்."

அடிப்பாவி அக்கா என்று வாய் வரைக்கும் வந்தது. ஒன்பது வருஷம் திட்டியதும் அந்த ஓரடியைத்தான், சாய்ந்து நின்றதும் அந்த ஓரடியில்தான். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே! கோபம் வந்தது, ஆனால் கத்துகிற அளவுக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றினேன்.

நியமனம் இளையவளுக்குப் போனது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல ஆட்டக்காரி. என்னுடைய கையெழுத்து இந்த முறை புதுப்பிக்கப்படவில்லை. முழங்கால் எக்ஸ்ரே படத்தை ஒரு காரணமாகக் காட்டினார்கள்; காட்டாமல் இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். இரண்டு பையோடு ரயில் ஏறினேன். வட்டவளை தாண்டியதும் குளிர் முழங்காலில் ஏறியது. ஹட்டனில் இறங்கி, தோட்டத்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் அம்மா எதுவும் கேட்கவில்லை. ரொட்டி சுட்டுத் தந்தாள், முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிப் போட்டாள். மூன்றாம் நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கயிற்றை முடிச்சுப் போட இடது கை பின்னால் போகாமல் நின்றாள். ஈரச் செடி மேலே படாமல் இருக்கச் சுற்றும் அந்தச் சாக்குத் துணியை இத்தனை நாள் யார் கட்டிவிட்டார்களோ. நான் எழுந்து போய்க் கட்டினேன்.

"போன்ல பாத்தேன் புள்ள" என்றாள், திரும்பாமல். "எல்லாரும் முன்னால ஓடுனாங்க. நீயும் ஓடிட்ட."

"ஓடச் சொன்னாங்கம்மா."

"ம். இறுக்கிக் கட்டு, நழுவுது."

இறுக்கிக் கட்டினேன். அம்மாவின் இடுப்பு என் கைக்குள் இவ்வளவு சின்னதாக அடங்கும் என்று எனக்குத் தெரியாது. அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. அவள் கூடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள், நானும் பின்னாலேயே போனேன். கிரவுண்டுக்குப் பக்கத்தில் பாதை ஏறுகிற இடத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கண்டாக்கய்யாகிட்ட ஒனக்கும் ஒரு பேரு போடச் சொல்லிக் கேக்கட்டுமா?"

அவள் பெயரை வெட்டுவதற்காகத்தான் நான் ஒன்பது வருஷம் ஓடினேன்.

"கேளும்மா" என்றேன்.