அக்காவின் கையைப் பிடித்தவள்

என் அக்காவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. எருமை என்று சொல்ல ஊரார் தலையில் இரண்டு விரலை வைத்துக் காட்டுவார்கள். அக்காவுக்கு அது போதாது. எந்த எருமை, கொம்பு எந்தப் பக்கம் வளைந்தது, சேற்று வரப்பில் எப்படிச் சறுக்கியது, எல்லாம் அவள் கையில் வரும். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளிக்கே வராதவர்கள்கூட அவள் காட்டினால் எங்கள் வயலைப் பார்த்துவிடலாம்.

அப்பாவுக்கு அது மானக்கேடு. "வெளியாளுக முன்னால அவ கையப் புடிச்சுக்க கண்ணு" என்பார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் மணிக்கட்டை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு எனக்கு.

எழுபதுகளின் நடுவில் அக்கா தன் மூன்று வயதுப் பையனோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம் பையன் ஓயாமல் வாந்தியெடுத்தான். கைகால் சில்லிட்டுப்போனது. நான் அவனைத் தோளில் போட்டுக்கொள்ள, இருவரும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பஸ்ஸில் அக்கா கையைத் தூக்கித் தூக்கி எதையோ காட்ட வந்தாள். பஸ் நிறைய ஆட்கள். முறைத்து, அவள் கையை அமுக்கிவிட்டேன்.

"குட்டி எந்தா கழிச்சது?" என்று, பிள்ளை என்ன சாப்பிட்டான் என்பதை மலையாளத்தில் கேட்டார் டாக்டர்.

"பழைய சோறுதானுங்க" என்றேன். அக்கா என்னை இழுத்தாள். நான் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தேன். நர்ஸ்தான் என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

அக்கா காட்டினாள். ஒடுங்கி நீண்ட இலை. கவிழ்ந்த கிண்ணம்போல ஒரு பூ. பக்கத்தில் நின்ற பெண்ணின் மஞ்சள் புடவையைத் தொட்டு அதன் நிறம். நடுவில் மேடு தட்டிய காய். கிள்ளினால் வடியும் பால். உள்ளே கொட்டை, பையனின் வாய். நான் வாயைத் திறக்குமுன் டாக்டர் கத்தினார்: "அரளிக்காய்!"

பொழுது இறங்குவதற்குள் பையன் போய்விட்டான். பஸ்ஸிலேயே அவள் கையை விட்டிருந்தால் பிழைத்திருப்பானா? டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. படுபாவி நான்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அக்கா நடந்ததைக் காட்டினாள். மரம், காய், பஸ், டாக்டரின் மூக்குக்கண்ணாடி. பிறகு தன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கினாள், விரல்கள் வெளுக்கும்வரை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஏம் புள்ள, கையப் புடிச்சுக் காட்டுதே, அக்கா என்ன சொல்லுது?" என்று பக்கத்து ஊட்டுப் பெரியம்மா என்னைக் கேட்டாள்.

"கடசி வரைக்கும் நான் அக்கா கையப் புடிச்சுட்டுக் கூடவே இருந்தேன்னு சொல்லுதுங்க" என்றேன்.