முனி வளைவில் யாரும் இறங்கவில்லை

யோகநாதன் போய்விட்ட சேதி உங்களுக்கெல்லாம் போனில் வந்திருக்கும். எனக்கு அதைச் சொன்னது ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நர்ஸ் மிஸ். கையுறையைக் கழற்றிக்கொண்டே சிங்களத்தில் சொன்னார், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று. குறையாகச் சொல்லவில்லை, வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிற சொல்தான். ஆனால் வேனை ஓட்டி வந்தவன் நான். அந்தக் கொஞ்ச நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். கூட வந்தவர்களுக்கும் தெரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கருமாதிக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று வேன் ஸ்டாண்ட் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். நல்ல வார்த்தை இருக்கிறது. அதோடு மற்றதும் சேர்ந்துதான் வரும். பிடிக்காவிட்டால் போடாமல் விடுங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்ந்தவன். யோகநாதன் அதே லயத்தில் அடுத்த காம்பிரா, நடுவில் ஒரு சுவர்தான். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு ஆள் ஏற்றும் வேன் அவனுடையது. அவனால் முடியாத நாட்களில் நான் ஓட்டுவேன். எனக்கு மகன் வயது, அதனால் அவன் இவன் என்றே சொல்கிறேன்.

முனி வளைவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றங்கரையில் இருந்து ரோட்டுக்கு ஏறும்போது முனியாண்டி கல்லைச் சுற்றித் திரும்புகிற வளைவு அது. ஆள் நிறைந்த எந்த வேனும் அதில் ஒரே மூச்சில் ஏறியதில்லை. வளைவுக்கு முன்னால் வேன் நிற்கும். பிள்ளைத்தாய்ச்சிகளும் முடியாதவர்களும் உட்கார்ந்திருக்க, மற்ற எல்லோரும் இறங்கி மேலே நடப்போம். வெறும் வேன் ஏறிப் போய் மேட்டில் காத்திருக்கும். மழையானாலும் பனியானாலும் அதுதான் வழக்கம். எங்கள் அப்பன் காலத்து பஸ்ஸிலும் அப்படித்தான். யாருக்கும் அது பெரிய விஷயமில்லை. அவனுக்கு மட்டும் அது உறுத்தியது. ஒருநாள் நல்ல மழையில், கங்காணி வீட்டு அம்மா இறங்கும்போது கேட்டார்:

"ஏன் தம்பி, நீ வாங்குற காசு ஏறிப் போறதுக்கா, நடந்து போறதுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அன்று சாயந்திரம் என்னிடம் சொன்னான், "இறங்கச் சொல்ல வாய் கூசுது மாமா."

அதற்குப் பிறகு கடன்பட்டுப் புது மாதிரி வேன் ஒன்று எடுத்தான். ஜப்பான் வண்டி. எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும். அதைத் திருத்தி வைத்தால் இழுவை கூடும் என்று கேள்விப்பட்டு, கொழும்புப் பக்கம் ஒரு பெரிய கராஜுக்குக் கொண்டுபோனான். நானும் போனேன். அங்கே ஏசி ரூம், கண்ணாடிக் கதவு. ஒரு பையன் ஆள் ஏற்றாமல் வெறும் வேனை எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டி வந்து, பறக்குது என்றான். பறந்தது உண்மைதான். ஆட்களை ஏற்றிக்கொண்டு முனி வளைவில் மிதித்தபோது கறுப்புப் புகை கக்கி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் பாதி மூச்சில் நின்றுவிட்டது. திரும்பக் கொண்டுபோனோம். எதற்கு இவ்வளவு பேரை ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள். நாங்கள் வேறு எதை ஏற்றுவது? அவர்கள் வைத்ததை வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டியும் வைத்திருந்தார்கள். பழையபடிக்கு ஆக்குவதற்கும் தனியாகக் காசு என்றார்கள். திரும்பி வரும்போது, கினிகத்தேனை தாண்டியதும் சொன்னான்: "இனி என் வண்டியில அடுத்தவன் கை வைக்கக் கூடாது."

அந்த வார்த்தையைக் கடைசிவரை காப்பாற்றினான். அதுதான் எனக்குக் கசப்பு.

பழைய லேப்டாப் ஒன்றும் ஒரு வயரும் வாங்கினான். போனில் படம் பார்த்துப் பார்த்துப் படித்தான். படத்தில் பேசியவர்கள் ஹிந்தியோ இங்கிலீஷோ, அவனுக்கு இரண்டும் அரைகுறை. ஸ்டாண்டில் அவனுக்கு எஞ்சினியர் துரை என்று பேர் வைத்தீர்கள். "துரை, நம்ம ஆட்டோவுக்கும் ஒரு கம்ப்யூட்டர் மாட்டி வுடுங்க" என்று கூப்பிட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். அவன் கோபப்பட மாட்டான். "டீசலைக் கூட்ட எவனாலயும் முடியும். எங்க குறைக்கணும்னு தெரியறதுதான் வேலை" என்பான். அதைத் தெரிந்துகொள்ளும் முன்னாலேயே கூட்டிவிட்டான். எஞ்சின் சூடேறி அதன் மேல்பாகம், ஹெட் என்பார்களே, அது வெடித்தது. வேன் மாதக்கணக்காக வீட்டு முன் இஸ்தோப்பு ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அவன் மனைவி சாந்தி மலைக்குப் போய்க் கொழுந்து பறித்து அந்த வீட்டை ஓட்டினாள்.

மறுபடி வண்டி கட்டியபோது அவன் வேறு ஆள். கூட்டுவதில் நிதானம் வந்தது. பயமும் வந்தது. சூடு கொஞ்சம் ஏறினாலே எஞ்சின் தானாக இழுவையைக் குறைத்துக்கொள்ளும்படி ஒரு வரம்பு வைத்தான். ரொம்பக் கீழே வைத்திருக்கிறாய் என்றேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் சூடான எஞ்சினின் சத்தம் எனக்குத் தெரியும். ஹட்டனில் இந்த வேலை படித்த ஒருவர் கடை போட்டிருக்கிறார், ஒரு தடவை காட்டு, பார்க்கத்தானே போகிறார் என்றேன். "சூடு கண்டவன் நான் மாமா, அவரில்ல" என்றான். அதற்கு மேல் பேச விடவில்லை.

ஆனாலும் வேன் ஏறியது. அதை நான் மறைக்க மாட்டேன். முழு ஆளோடு, நிற்காமல், புகையில்லாமல், கோலம் போடுகிற மாதிரி அந்த வளைவைச் சுற்றி ஏறியது. முதல் நாள் கங்காணி வீட்டு அம்மா ஜன்னல் வழியாக முனியாண்டிக்குக் காசு போட்டுவிட்டு, "இனி நீ எங்க மூஞ்சியைப் பார்க்கணும்னா நீதான் இறங்கி வரணும் சாமி" என்றார். வேன் முழுக்கச் சிரிப்பு. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

பிறகு அது பழகிப்போனது. ஆளோடு கோதுமை மா மூட்டை ஏறியது, காஸ் சிலிண்டர் ஏறியது. இறங்கி நடந்த காலம் ஒன்று இருந்ததையே மறந்தார்கள். பாரம் கூடியும் அவன் வரம்பை மாற்றவில்லை. பாரத்தைக் குறைக்கச் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை.

அன்று காலை பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். வேர்வை அருவியாக ஊற்றியது. தோட்டத்தில் இருந்த இன்னொரு வேன் ஸ்கூல் பிள்ளைகளோடு போயிருந்தது. அவன் வேனைத்தான் எடுத்தேன். நமக்கெல்லாம் ஒரு பழக்கம் இருக்கிறதே, சீக்காளியைத் தனியாக அனுப்ப மாட்டோம். அவன் மச்சான் ஏறினான், சித்தப்பா ஏறினார், சாந்தியின் அக்காமார் ஏறினார்கள், பக்கத்துக் காம்பிராக்காரர்கள் ஏறினார்கள், வேன் நிறைந்துவிட்டது. சாந்தியும் இன்னொருவரும் போதும், மற்றவர்கள் பஸ்ஸில் வாருங்கள் என்றேன். என்ன மனுஷன் நீ என்று பார்த்தார்கள்.

முனி வளைவில் விளக்கு எரிந்தது. இழுவை விழுந்தது. எவ்வளவு மிதித்தாலும் கம்ப்யூட்டர் விடாது, அவன் வைத்த வரம்பு. அதை மாற்றுகிற லேப்டாப் வீட்டு அலுமாரியில்.

"இறங்குங்க எல்லாரும்" என்றேன்.

"எதுக்கு இறங்குறது? யோகா வண்டி. ஏறும், ஓட்டுங்க பெரியவரே" என்றான் மச்சான்.

ஏறும், ஏறும் என்று பின்னாலிருந்தும் குரல் வந்தது. அவர்களுக்கு அவன் மேல் அவ்வளவு நம்பிக்கை. வேன் ஊர்ந்தது, பிறகு அதுவும் இல்லை. அப்போதும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். நான் கெட்ட வார்த்தை பேசிய பிறகுதான் கதவு திறந்தது. அதற்குள் எஞ்சின் கொதித்துவிட்டது. சாந்தியின் மடியில் தலை வைத்திருந்தவன் கண்ணைத் திறந்தான்.

"நிப்பாட்டுங்க மாமா. ஆறட்டும். அவசரப்பட்டா ஹெட் போயிரும்."

அவன் கடைசியாகப் பேசியது அதுதான். எஞ்சின் ஆறியது. ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் மிஸ் வாசலில் நின்றார்.

சாவு வீட்டில் நான் கேட்ட பேச்சு ஒன்றே ஒன்று. படித்தவனிடம் கொடுக்க வேண்டியதைத் தானே நோண்டினான், அவன் நோண்டியதே அவனைக் கொண்டுபோய்விட்டது. இதை முதலில் சொன்னது மச்சான்தான். வேனில் அவன் உட்கார்ந்த இடம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஹட்டனில் கடை வைத்திருக்கும் அந்த நிபுணரிடம் பிறகு நானே வேனைக் கொண்டுபோனேன். நல்ல மனிதர். பொறுமையாகப் பார்த்தார். சுத்தமான வேலை, நான் வைத்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் வைத்திருப்பேன் என்றார். வரம்பை மட்டும் கொஞ்சம் உயர்த்தி வைத்திருப்பேன் என்றார். அப்படி இருந்தால் அன்று ஏறியிருக்குமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தார்.

ஒரு தடவை அவரிடம் காட்டியிருக்கலாம். அந்த வீம்பை நான் அவனுக்கு மன்னிக்கப் போவதில்லை. இறங்கச் சொன்னபோது இறங்கியிருக்கலாம். அதை உங்களுக்கும் மன்னிக்கப் போவதில்லை. நம்மை நடக்க விடக் கூடாது என்று ஒருவன் எஞ்சினைப் படித்தான். அவனுக்காக நாம் அந்த மேட்டை நடக்கவில்லை.

வேன் இப்போது மச்சான் கையில். வரம்பை உயர்த்திவிட்டார்கள், நன்றாக ஏறுகிறது. யோகநாதனுக்காக நான் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்றுதான். முனி வளைவு வந்தால் நிறுத்தச் சொல்கிறேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. இறங்கி நடக்கிறேன். மேட்டில் வேன் காத்திருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.